நானூறு டஜன் வெள்ளைப் பனியன்

1976 மார்ச் மாதம் திருப்பூரிலிருந்து கல்கத்தாவுக்கு ரயிலேறிய நானூறு டஜன் வெள்ளைப் பனியன்களைப் போட்டுக்கொண்டவர்கள் அத்தனை பேரும், போட்டிருந்த ஒவ்வொரு நாளும் காலை பதினோரு மணிக்கு முதுகில் இருபத்தேழு அடி வாங்கினார்கள். அடித்தவர் யாரும் கண்ணுக்குத் தெரியவில்லை. தடி விழும் சத்தம் கேட்டது, தோல் தடித்தது, பத்தாவது அடிக்கு மேல் ரத்தம் வந்தது. மீன் வியாபாரி, டிராம் கண்டக்டர், கல்லூரி வாத்தியார் என்ற பாகுபாடெல்லாம் இல்லை. ஆறாவது அடி விழுந்ததும், வங்காளம் தவிர வேறொன்றும் அறியாத அந்த மனிதர்கள் சுத்தமான கொங்குத் தமிழில், "ஏனுங்க, என்னைய எதுக்குப் புடிச்சீங்கன்னு சொல்லிப்போட்டு அடிங்க" என்றார்கள். டாக்டர்கள் ஒவ்வாமை என்று களிம்பு எழுதிக் கொடுத்தார்கள். புகார்க் கடிதங்கள் திருப்பூர் வந்து சேர்ந்ததும் கம்பெனி முதலாளி, நூலில் கோளாறு என்று பழியைத் தூக்கி மில்காரர் தலையில் போட்டார். முதலாளிமார்களுக்கு எல்லாக் கோளாறும் நூலில்தான்.

அந்தக் கம்பெனியில் மாரப்பன் என்றொரு கட்டிங் மாஸ்டர் இருந்தான். கத்தரி பிடித்தால் துணி பிசகாது, வாயைத் திறந்தால் அரசியல் சட்டம். டீ வேளையில் மேசை மேல் ஏறி நின்று சின்னப் புத்தகம் ஒன்றைப் பிரித்துப் படிப்பான். ஒருவனைக் கைது செய்தால் காரணம் சொல்ல வேண்டும், வக்கீலைப் பார்க்க விட வேண்டும், இருபத்துநாலு மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். "நானாச் சொல்லலீங்க, எழுதியிருக்குதுங்க" என்பான். இந்திரலோகத்துச் செய்தியைக் கேட்டவர்களாக மற்றவர்கள் சிரிப்பார்கள். போனஸைக் குறைத்தபோது அவனும் சங்கத்து ஆட்கள் நாலு பேரும் கேட்டுக்கு வெளியே நின்று கோஷம் போட்டார்கள். எமர்ஜென்சி காலம் அது. சென்னையில் ஆட்சியைக் கலைத்து இருபது நாள்கூட ஆகவில்லை. பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஜீப் வந்தது. கத்தரியைக்கூடக் கீழே வைக்க விடாமல் மாரப்பனைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள்.

அவன் மனைவி வேலாத்தாள் சலவைப் பட்டறையில் தொட்டிக்குள் நின்று துணி மிதிப்பவள். விஷயம் கேட்டு, பிளீச்சிங் பவுடர் வாசனையோடு ஸ்டேஷனுக்கு ஓடினாள். "மாரப்பனா? அப்படி யாரையும் நாங்க புடிக்கவே இல்லையே" என்றார் இன்ஸ்பெக்டர். அவர் வெளியூர்க்காரர். யாரையும் மரியாதையாகக் கூப்பிட்டு அறியாத வாய். மூன்று நாள் ஸ்டேஷன் எதிரே புளியமரத்தடியில் பச்சைத் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருந்தாள். உள்ளே அவன் இருக்கிறானா, இருந்தானா, உயிரோடுதான் இருக்கிறானா என்று ஒரே ஒருவர் வாயைத் திறந்து சொன்னால் போதும் என்றிருந்தது அவளுக்கு. நான்காம் நாள் கான்ஸ்டபிள்கள் லத்தியால் குத்தி விரட்டினார்கள்.

போலீஸ்காரர்களின் பனியன்களை வாரம் ஒருமுறை, புதன்கிழமை, சலவைப் பட்டறையில் சும்மா வெளுத்துக் கொடுப்பது அந்த வட்டாரத்து மரியாதை. அதற்கென்று தனித் தொட்டி போட்டால் பவுடர் வீண். ஆகவே கம்பெனித் துணியோடு சேர்த்தே அமுக்கிவிடுவார்கள். மாரப்பனைப் பிடித்த மறுநாள், புதன்கிழமை, வந்த மூட்டையில் ரத்தத்தில் ஊறிக் காய்ந்த பனியன் ஒன்று இருந்தது. பட்டறை மேஸ்திரி நல்லான் அதைப் பார்த்தார், பார்க்காதவராக நானூறு டஜனுக்கான துணி கிடந்த தொட்டியில் போட்டார். பயந்த மனிதர். வேலாத்தாள் வேலைக்குத் திரும்பிய அன்று பட்டறையை ஒட்டிய காட்டில் காயப்போட்டிருந்த போலீஸ் பனியன்களுக்கு நடுவே, அடிமடிப்பில் நீல நூல் ஓடிய ஒன்றைக் கண்டாள். கம்பெனி வாசலில் சோதனை போடும்போது திருட்டுப் பனியன் என்று பிடிக்கக் கூடாதென்று மாரப்பன் தன் பனியன்களுக்கெல்லாம் சாயம் போகாத நீல நூலில் மடிப்புத் தைத்துக்கொள்வான். பனியன் பால் வெள்ளையாக இருந்தது. நல்லான் அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். "ஒத்தப் பனியனுக்குன்னு யாராச்சும் தனித் தொட்டி போடுவாங்களா தாயி? வழக்கம்போலப் போட்டுட்டனுங்க."

அவள் அந்தப் பனியனோடு அர்த்தநாரி வக்கீலிடம் போனாள். அவர் சென்னைப் பெரிய கோர்ட்டில் ஆட்கொணர்வு மனுப் போட்டார். பிடித்து வைத்திருக்கும் ஆளைக் கொண்டுவந்து கண்ணில் காட்டு என்று அரசாங்கத்தைக் கேட்கிற மனு. ஒரு வெள்ளைப் பனியனை வைத்து என்ன நிரூபிக்க முடியும் என்று அரசு வக்கீல் கேட்டார். அதற்குப் பதில் தேடுவதற்குள் ஏப்ரல் கடைசியில் டெல்லியிலிருந்து தீர்ப்பு வந்துவிட்டது. எமர்ஜென்சி இருக்கும்வரை, என் உயிரைப் பறித்தார்கள், என்னை அடைத்துவைத்தார்கள் என்று யாரும் கோர்ட்டுப் படியேற முடியாது. ஐந்து நீதிபதிகளில் நாலு பேர் அப்படிச் சொன்னார்கள். "உசுருக்கும் சட்டத்துக்கும் இப்போதைக்குச் சம்பந்தமில்லீங்க அம்மிணி" என்று வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வேலாத்தாளுக்கு அன்று வந்த ஆத்திரத்தில் அந்தக் கட்டடத்தையே தொட்டியில் போட்டு மிதித்திருப்பாள்.

அந்த நானூறு டஜனில் மிஞ்சிய கழிவுத் துணியில் தைத்த பனியன் ஒன்றை மே மாதம் நல்லான் போட்டுக்கொண்டு பட்டறைக்கு வந்தார். பதினோரு மணிக்கு எல்லார் முன்னாலும் அடி விழுந்தது. அவர் வாயிலிருந்து தன் புருஷன் குரல் வந்ததை வேலாத்தாள் தொட்டிக்குள் நின்றபடி கேட்டாள். எண்ணினாள். இருபத்தேழோடு நின்றது. எல்லா ஊரிலும் இருபத்தேழோடுதான் நின்றது. அதன் பிறகு மாரப்பனுக்கு என்ன ஆனதென்று நீல நூல் பனியனுக்குத்தான் தெரியும். அதைப் போட்டுப் பார்க்க அவளுக்குத் துணிவு வரவில்லை. போட்டால் தெரிந்துவிடுமே. தகரப் பெட்டிக்குள் பூட்டி வைத்தாள். வேலைக்குப் போகாத நாட்களில் பதினோரு மணிக்குப் பெட்டி அதிர்வதைக் கேட்டுக்கொண்டு சோறாக்கினாள். தாலியைக் கழற்றவுமில்லை, பூ வைப்பதை விடவுமில்லை. ஊர் வாய் சும்மா இருக்குமா? பேசியது.

எழுபத்தேழில் ஆட்சி மாறி, ஆகஸ்டில் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் விசாரணைக்காக டிராவலர்ஸ் பங்களாவில் வந்து உட்கார்ந்தார். அர்த்தநாரி வக்கீல் கம்பெனிக்கு வந்த புகார்க் கடிதங்களைத் தேடிப் பிடித்து எழுதியதில், கல்கத்தாவிலிருந்து ஆறு பேர் வந்து சட்டையைக் கழற்றி முதுகைக் காட்டினார்கள். ஆறு முதுகிலும் ஒரே இடத்தில் ஒரே தழும்பு. இன்ஸ்பெக்டர் சிரித்தார். "துணி எங்கேயாவது அடிக்குமா சார்? எல்லாம் புரளி. அந்த ஆளை நான் பார்த்ததே கிடையாது." வேலாத்தாள் எழுந்து, கொண்டுவந்திருந்த தகரப் பெட்டியைத் திறந்து நீல நூல் பனியனை நீட்டினாள். "அப்ப நீங்களே போட்டுப் பாருங்க சாமி." நீதிபதி தலையசைத்தார். மணி பத்து ஐம்பத்தைந்து. இன்ஸ்பெக்டர் வீறாப்பாகக் காக்கிச் சட்டையைக் கழற்றிவிட்டு அதைப் போட்டுக்கொண்டார்.

பதினோரு மணிக்கு முதல் அடியில் குப்புற விழுந்தார். ஒன்பதாவது அடியில் தோள்பட்டை எலும்பு முறிந்த சத்தம் வாசல்வரை கேட்டது. "ஏனுங்க, என்னைய எதுக்குப் புடிச்சீங்கன்னு சொல்லிப்போட்டு அடிங்க" என்றார். "எங்க ஊட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லியுடுங்க" என்றார். இருபத்தேழு ஆயிற்று. கல்கத்தாக்காரர்கள் மூச்சு விட்டார்கள். ஆனால் அது நிற்கவில்லை. இருபத்தெட்டு, முப்பது, நாற்பது என்று போனது. சுவரிலெல்லாம் ரத்தம். நாற்பத்தொன்றில் சத்தம் ஓய்ந்தது. தரையில் கிடந்தவர் நாக்கு வெளியே தள்ள, மாரப்பனின் குரலில், "கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றார். விசாரணைக்கு வந்திருந்த ஸ்டேஷன் கான்ஸ்டபிள்கள் ஐந்து பேரும் சுவரோரம் அப்படியே நின்றார்கள். அன்றைக்கும் அவர்கள் அப்படித்தான் நின்றிருக்க வேண்டும். குரல் இரண்டாம் முறை கேட்டது. வேலாத்தாள் மேசை மேலிருந்த நீதிபதியின் தம்ளரை எடுத்து, இன்ஸ்பெக்டரின் தலையை மடியில் தூக்கி வைத்து, வாயில் ஊற்றினாள். அவர் மடக் மடக்கென்று குடித்தார். கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்து எழுந்து உட்கார்ந்தார். பிழைத்துக்கொண்டார்.

ஒரு தம்ளர் தண்ணீரில் மாரப்பனும் பிழைத்திருப்பான் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

மாரப்பன், வயது முப்பத்தாறு, போலீஸ் காவலில் அடித்துக் கொல்லப்பட்டான் என்று நீதிபதி எழுதினார். "இன்னொருக்காப் படிங்க சாமி" என்றாள். அவர் படித்தார். வேலாத்தாள் தாலியைக் கழற்றித் தம்ளருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, பதினெட்டு மாதம் அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சேர்த்து மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தாள். கல்கத்தாக்காரர்கள் ஆறு பேரும் சுற்றி உட்கார்ந்து, அவள் விட்ட அடியை எடுத்து, அதே கொங்குத் தமிழில் சேர்ந்து பாடி அழுதார்கள். அவர்களுக்கு அந்தப் பாட்டு எப்படித் தெரியும் என்று அங்கே யாரும் கேட்கவில்லை.