புகார் இல்லாத தெரு

"சாயங்காலம் வரைக்கும் உங்க அக்கா வீட்லயே இருங்க. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்ற நேரத்துல நீங்க ஒரு தடவை இருமினாலும் எல்லாம் போச்சு."

கணவரைச் செருப்பு மாட்டவைத்து அனுப்பிய பிறகுதான் சலவைக்காரம்மாவுக்கு மூச்சு வந்தது. காலையிலிருந்து மூன்று முறை ஜன்னல் விளிம்பைத் துடைத்தாயிற்று. விரல் வைத்தால் மறுபடி சாம்பல். ஊர்க் குப்பையையெல்லாம் எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை தெருமுனையில் வந்து எட்டு வருஷம். அன்றிலிருந்து அவள் ஈரத் துணியை வெளியே காயப்போட்டதே இல்லை.

அந்தத் தெருவில் இருமாத வீடு கிடையாது. இருமலை ஒப்புக்கொண்ட வீடும் கிடையாது. வெளியே தெரிந்தால் பெண்ணை யார் கட்டுவார்கள்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வித்தையைத் தெருவே கற்று வைத்திருந்தது. வைத்தியத்துக்குக்கூட வேறு முகவரி சொல்லித்தான் போவார்கள். வெட்கங்கெட்ட பிழைப்புதான், பெண்ணைப் பெற்றவர்களின் பயத்துக்கு வெட்கம் ஏது?

பையனின் அப்பா தனியாகத்தான் வந்தார். ஆலையில் புகையை அளந்து, 'கெடுதல் இல்லை' என்று மாதாமாதம் கையெழுத்துப் போடுகிற அதிகாரி. மகன் இந்தப் பெண்ணைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றதால் வந்திருந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். கொடுத்த தண்ணீரைத் தொடவில்லை.

"பொண்ணு தங்கமான பொண்ணு. ஆனா..." என்று இழுத்தார். "தப்பா நினைக்காதீங்கம்மா. இத்தனை வருஷமா இந்தக் காத்தைத்தானே குடிச்சிருக்கு. எனக்கு ஒரே பையன். நாளைக்குப் பொறக்கற குழந்தை நல்லபடியா இருக்கணும்ல?"

கதவோரம் நின்ற மகள் முன்னால் வந்தாள். "கெடுதல் இல்லைன்னு நீங்கதானே எழுதறீங்க?"

"அது ஆபீஸ் விஷயம்மா. இந்தத் தெருவிலேர்ந்து இதுவரைக்கும் ஒரு புகார்கூட வந்ததில்லை. நான் வேற என்னத்தை எழுதறது?"

சலவைக்காரம்மாவுக்குக் கோபம் வந்தது. அவர்மேல் மட்டுமல்ல, தன்மேலும்தான். எட்டு வருஷமாகத் தெரு அடக்கிக்கொண்ட இருமல் அத்தனையும் இந்த மனிதருக்கு அத்தாட்சியாகப் போயிருக்கிறது.

அவர் கைக்குட்டையை மூக்கில் வைத்தபடி எழுந்தார். "வேற நல்ல இடமா அமையும். கவலைப்படாதீங்க."

"நாளைக்கு ஆபீசை எத்தனை மணிக்குத் திறப்பீங்க சார்?" என்று கேட்டாள் சலவைக்காரம்மா.

"எதுக்கும்மா?"

"புகார் குடுக்கத்தான். எங்க வீட்ல யார் யாருக்கு நெஞ்சு கெட்டிருக்குன்னு சொல்றேன், எழுதிக்கங்க."

அவர் முகம் வெளுத்தது. குரலைத் தாழ்த்தினார். "வயசுப் பொண்ணை வீட்ல வெச்சுக்கிட்டு இதையெல்லாம் வெளியே சொல்லலாமாம்மா? அப்புறம் அவளை யாரு கட்டுவா?"

"அதுக்குத்தான் சார் இத்தனை நாளும் வாயைப் பொத்திக்கிட்டிருந்தோம். அதான் நீங்களே வேணாம்னுட்டீங்களே."

அவர் செருப்பைத் தேடினார். மகள் எடுத்து வந்து அவர் காலடியில் வைத்தாள்.

"மணியைச் சொல்லிட்டுப் போங்க சார்," என்றாள்.