ஸ்லாவ்கோவைப் பற்றி ஒரு வரி

இவன் இன்னும் அதே இடத்தில்தான் ஓடுகிறான். இரண்டாவது சரணம் முடிகிற இடத்தில், யாரோ துரத்துகிற மாதிரி தாளம் பறக்கிறது. பாடிக்கொண்டே யாகொடா இதைத்தான் நினைத்தாள். முப்பது வருஷத்தில் திஹொமிருக்குத் தலை வழுக்கையாகிவிட்டது. நகரசபையில் கலாசாரப் பிரிவுக்குத் தலைவனாகிவிட்டான். டிரம்ஸ் முன்னால் உட்காருவதற்கு முன் கோட்டைக் கழற்றி மடிப்புக் கலையாமல் நாற்காலியில் போடுகிறான். ஓட்டம் மட்டும் மாறவில்லை. முன்பெல்லாம் ஸ்லாவ்கோ தன் பேஸ் கிட்டாரால் அவனை இழுத்துப் பிடிப்பான். இப்போது அந்த இடம் வெறுமையாக இருந்தது. அவள் குரல் அங்கே வந்ததும் தடுமாறியது.

"டேய், ஊரு பத்திக்கிச்சாடா? வண்டிய எடுக்கணுமா?" என்று ஃபெரி கிட்டாரை நிறுத்தினான். ஸ்வீடனிலிருந்து போன வாரம்தான் வந்திருந்தான். அவர்கள் நின்றிருந்தது தீயணைப்புத் தொண்டர்களின் கூடம் என்பதால் மூவரும் சிரித்தார்கள். வாலிபத்தில் அவர்களுடைய பங்க் இசைக்குழு ஒத்திகை பார்த்ததும் இதே கூடத்தில்தான். சுவரை ஒட்டி அதே பழைய சிவப்பு வண்டி நின்றது. யாகொடா அதற்கு முதுகைக் காட்டி நின்றிருந்தாள்.

சிரிப்பு அடங்குவதற்குள் திஹொமிர் விஷயத்துக்கு வந்தான். நாளை ஊர்த் திருநாள். சதுக்கத்தில் மேடை தயார். கடைசிப் பாட்டுக்கு முன்னால், நாட்டுக்காக மனமுவந்து உயிர் கொடுத்த எங்கள் ஸ்லாவ்கோவுக்கு இந்தப் பாட்டு என்று யாகொடா சொல்ல வேண்டும். உடனே மேயர் மேடையேறி அவன் அம்மாவுக்குப் பூங்கொத்து கொடுப்பார். எல்லாம் பேசி முடித்துவிட்டதாக அவன் சொன்ன விதத்தில் ஒரு கெஞ்சலும் இருந்தது.

"மனமுவந்தா?" என்றாள் யாகொடா.

"ஒரு வரிடி. செத்தவனுக்கு அதுல என்ன போயிடப்போகுது?"

ஃபெரி கிட்டார்க் கம்பிகளை முறுக்கத் தொடங்கினான். அவை சரியாகத்தான் இருந்தன.

முப்பது வருஷத்துக்கு முன், போர் நடந்த அந்த இலையுதிர் காலத்தில் படைக்கு ஆள் பிடிக்க வந்தபோது ஸ்லாவ்கோ வீட்டைவிட்டு வெளியேறி இந்தக் கூடத்தின் மாடியில் படுத்துக்கிடந்தான். மூவரும் மாற்றி மாற்றிச் சாப்பாடு கொண்டுவந்தார்கள். ஒத்திகையை மட்டும் யாரும் விடவில்லை. பேஸ் இல்லாமல் என்ன ஒத்திகை என்று அவனே இறங்கி வந்து வாசித்தான். கதவைச் சாத்தினால் போதும் என்று நினைத்தார்கள். கதவு தடுத்தது யாகொடாவின் குரலைத்தான். பேஸின் அதிர்வு தரை வழியாகத் தெருவுக்குப் போனது, எதிரே ரொட்டிக் கடைக்காரனின் கண்ணாடி அலமாரி வரைக்கும். ஊரிலேயே பேஸ் வாசிக்கத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். வந்தவர்கள் யாரிடமும் வழி கேட்கவில்லை. சிவப்பு வண்டியின் பக்கவாட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்ட அவன் விரல்களை ஒருவன் ஒவ்வொன்றாகப் பிரித்தான். ஸ்லாவ்கோ கத்தவில்லை. யாகொடாவைப் பார்த்து, "எங்க அம்மாகிட்ட சொல்லாத" என்றான், ஏதோ பரீட்சையில் தவறிவிட்டவனைப் போல. சவப்பெட்டி திரும்பி வந்த அன்று ஒரு அதிகாரி, உங்கள் மகன் தானாகவே முன்வந்தான் என்று அவன் அம்மாவிடம் சொன்னார். யாரும் மறுக்கவில்லை. ஸ்லாவ்கோ கேட்டுக்கொண்டபடியே யாகொடா வாயைத் திறக்காமல் இருந்துவிட்டாள். சும்மா இருப்பது ஒன்று, அந்தப் பொய்யையே மைக்கில் சொல்வது வேறு என்று இப்போது தோன்றியது. அந்த வித்தியாசம் தனக்கு மட்டும்தான் தெரிகிறதோ என்று பயமாகவும் இருந்தது.

கதவு திறந்தது. ஸ்லாவ்கோவின் அம்மா தேசாங்கா நின்றிருந்தாள். தலையைச் சுற்றிக் காதுகளை மூடிக் கறுப்புத் துணி கட்டியிருந்தாள். கையில் கசகசா ரொட்டித் தட்டு. திஹொமிர் சட்டென்று கோட்டை எடுத்து மாட்டினான். அவன்தான் வரச் சொல்லியிருக்கிறான் என்று யாகொடாவுக்குப் புரிந்தது.

ரொட்டியை அவளே பிட்டு ஒவ்வொருவர் கையிலும் வைத்தாள். ஃபெரி இளைத்துப்போய்விட்டான், அந்த ஊரில் மீனைத் தவிர ஒன்றும் தரமாட்டார்களா என்று விசாரித்தாள். பிறகு யாகொடாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"நாளைக்கு நீ சொல்லப்போறியாமே. இவன் சொன்னான்."

யாகொடா மறு கையிலிருந்த ரொட்டியைக் கடித்தாள்.

"சொல்லுடி கண்ணு. எல்லாரும் கேக்கணும். அவனாத்தான் போனான்னு ஆச்சுன்னா, எனக்கு அதுல ஒரு இது இருக்கு. இல்லேன்னா என் புள்ள சும்மா செத்தான்னுதானே ஆகும்?"

அந்தக் கண்கள் அவள் முகத்தில் எதையோ தேடின. ஒருவேளை இவளுக்கு எல்லாம் தெரியுமோ? தெரிந்துகொண்டுதான் கேட்கிறாளோ? கசகசா பற்களில் ஒட்டிக்கொண்டது. சரி என்று ஒரு சொல் சொன்னால் இந்தக் கை தளர்ந்துவிடும், எல்லாரும் வீட்டுக்குப் போய்விடலாம். அந்தச் சொல் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது.

"பாடுறேம்மா," என்றாள் மெதுவாக. "அவன் பேரைச் சொல்லிட்டுத்தான் பாடுவேன். அந்த வரிய மட்டும் என்னால சொல்ல முடியாது."

திஹொமிர் ஏதோ சொல்ல வாயெடுத்தான். ஃபெரி அவன் தோளில் கை வைத்தான்.

கிழவி மணிக்கட்டை விட்டாள். கோபமா, வேறு ஏதாவதா என்று அந்த முகத்தில் தெரியவில்லை. தட்டை வண்டியின் படியில் வைத்தாள். மடக்கு நாற்காலி ஒன்றைத் தரையோடு இழுத்துக்கொண்டுபோய் ஒலிபெருக்கிக்கு மிக அருகில் போட்டு உட்கார்ந்தாள். பிறகு மோவாயின் கீழிருந்த முடிச்சைத் தளர்த்தி, கறுப்புத் துணியைக் காதுகளுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, அவர்களைப் பார்த்தாள்.