மேட்டைக் கடையாதவர்கள்

குழாயைப் பொருத்தும் விளிம்பான பம்பின் வார்ப்பிரும்பு ஃபிளாஞ்சுக்குத் தட்டையான முகம். குழாய்க்கென வாங்கி வந்த எஃகு ஃபிளாஞ்சுக்கோ நடுவில் மேடு. அப்படியே சேர்த்து இறுக்கினால் வார்ப்பிரும்பு பிளக்கும், மேட்டை லேத்தில் கடைந்து எடுக்க வேண்டும் என்று பொறியாளரான அவள் வரைபடத்திலேயே எழுதியிருந்தாள்.

“அதுக்கு அரைநாள் ஆகும். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கம்மா,” என்றார் மேலாளர்.

கல்யாணமான நாள்முதல் மாமியார் சொல்லும் அதே சொல். மேட்டைக் கடையச் சொல்ல யாருக்கும் வாய் வந்ததில்லை. வளைய வேண்டியது எப்போதும் அவள்தான்.

மேட்டோடு அப்படியே சேர்த்து ஃபிட்டர் மூன்றாம் முறை இறுக்கியதும் பம்பின் விளிம்பு ‘டப்’பென்று பிளந்தது.

மேலாளர் அவள் பக்கம் திரும்பினார். “முன்னாடியே அழுத்திச் சொல்லியிருக்கலாமேம்மா?”

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வரைபடத்தை அவர் முகத்துக்கு நேரே விரித்தாள்.

“எழுதினதைப் படிக்கறதுக்கு இன்னும் எவ்வளவு சார் அழுத்தணும்?”