பிரேக்கக்கா கட்டிய வெப்சைட்

பிரேக் பிடிக்காத பஸ்ஸைப் பாலத்துச் சுவரில் உரசி உரசி நிறுத்தியவள் அவள். வண்டியில் இருந்த ஒருவருக்கும் கீறல் இல்லை. அவளுக்கு மட்டும் கணுக்கால் முறிந்தது. விசாரணை அறிக்கையில் "ஓட்டுநரின் கவனக்குறைவு" என்று எழுதியிருந்தார்கள். அந்த வண்டியின் பிரேக் சரியில்லை என்று அவளுக்கு முன்பே இரண்டு மூன்று டிரைவர்கள் சொல்லியிருந்தார்கள். அந்தப் பேச்சே அறிக்கையில் இல்லை.

டிப்போவில் அவளைப் பிரேக்கக்கா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். முதலில் கேலிதான். போகப் போக மரியாதையாகிவிட்டது.

எந்த வண்டியில் என்ன கோளாறு என்று டிரைவர்கள் எழுதிப் போட இணையத்தில் ஓர் இலவசப் பக்கம் வைத்திருந்தார்கள். ஒரு காலையில் அது காணாமல் போனது. "விதிமுறைகளுக்கு மாறானது" என்று ஒரே வரி. யாரைக் கேட்பது என்றும் தெரியவில்லை. எழுதியதெல்லாம் அதோடு போயிற்று.

"நாமளே ஒண்ணு கட்டுவோம்" என்றாள் பிரேக்கக்கா, கட்டுப் போட்ட காலை நாற்காலியில் நீட்டிக்கொண்டு. "இந்த வாட்டி எவனும் அழிக்க முடியாத மாதிரி."

அவள் தங்கையின் கணவனுக்கு வெப்சைட் கட்டிக் கொடுப்பதுதான் தொழில். லேப்டாப்போடு வந்து உட்கார்ந்தான்.

"நான் போட்டுத் தர்றேன் அண்ணி. பெரிய பெரிய கடைங்க எல்லாம் இதுலதான் ஓடுது. உள்ள ஒரு டேட்டாபேஸ் இருக்கும். பாஸ்வேர்டு போட்டா போன்லயே எழுதலாம்."

"அந்த டேட்டாபேஸ் எங்க இருக்கும் மாப்பிள்ளை?"

"சர்வர்ல. வாடகைக்கு எடுக்கறதுதான்."

"வாடகைக்கு விட்டவன் கதவைச் சாத்திட்டா?"

"அப்பப்ப காப்பி எடுத்து வெச்சுப்பேன்."

உள்ளேயிருந்து தங்கை குரல் கொடுத்தாள். "அவர் போனுக்குச் சார்ஜ் போடறதே நான்தான்க்கா."

அவன் தலையைச் சொறிந்தான். பிறகு மனசில்லாமல் இன்னொரு வழியைச் சொன்னான். ஒவ்வொரு புகாரும் ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைல். எல்லாம் ஒரே ஃபோல்டரில் இருக்கும். ஒரு ப்ரோக்ராம் அதைப் படித்து வெப்சைட்டாக மாற்றிக் கொடுக்கும். அதை எந்த சர்வரிலும் வைக்கலாம். ஃபோல்டர் கையில் இருந்தால் போதும், திரும்பக் கட்டிக்கொள்ளலாம்.

"இதை ஏன் முதல்லயே சொல்லலை?"

"போன்ல எழுதறது கஷ்டம், பார்க்க சுமாராத்தான் இருக்கும், உங்க ஆளுங்க உங்களைத் திட்டுவாங்க."

மூன்றும் பின்னால் பலித்தன.

அந்த வேலையைச் செய்யும் ப்ரோக்ராம்கள் ஏகப்பட்டவை இருந்தன. பிரேக்கக்கா எல்லாவற்றுக்கும் ஒரே பரீட்சைதான் வைத்தாள். நெட் வயரைப் பிடுங்கிவிட்டு ஓட்டிப் பார்ப்பாள். முதலாவது பார்க்க லட்சணமாக இருந்தது. வயரைப் பிடுங்கியதும் திரை முழுக்கச் சிவப்பு எழுத்து.

"இது கூட நூத்துக்கணக்குல குட்டிக் குட்டி ப்ரோக்ராம் வரும் அண்ணி. ஏதோ ஒண்ணு வெளியேர்ந்து வரணுமாம்."

"பொண்ணு பார்க்க ஊரையே கூட்டிட்டு வர்ற கூட்டமா இது? வேண்டாம்."

இரண்டாவது ஒழுங்காக ஓடியது. லேப்டாப்பை அப்டேட் செய்த மறுநாள் படுத்துக்கொண்டது. மூன்றாவது ஒரே ஒரு ஃபைல். பென் டிரைவில் போட்டு, டிப்போ ஓய்வறையின் பழைய கம்ப்யூட்டரில் நெட் இல்லாமலே ஓட்டினாள், ஓடியது. ஆனால் பக்கம் எப்படித் தெரிய வேண்டும் என்று எழுதி வைக்கும் அதன் டெம்ப்ளேட்டில் ஓர் அடைப்புக்குறி விட்டுப்போனால் பக்கமே வெள்ளையாகிவிடும். அந்த வாரம் இரண்டு முறை மவுஸைத் தூக்கி எறிந்தாள்.

"ஏன் இப்படி மல்லுக்கட்டறீங்க? நானே உங்களுக்குன்னு ஒண்ணு எழுதித் தர்றேன்" என்றான் மாப்பிள்ளை.

"நீங்க எழுதினா, ரிப்பேர் ஆனா நீங்கதான் வரணும். ஒரு ஆளை நம்பி இருக்கக் கூடாதுன்னுதானே இவ்வளவும்."

அவன் முகம் வாடிப்போனது.

"கோவமா சொல்லலை மாப்பிள்ளை."

"கோவமா சொல்லியிருந்தாக்கூடத் தேவலை" என்று எழுந்து போனான். அதன் பிறகு பல நாள் அந்தப் பக்கமே வரவில்லை. அவள் அந்த ஒற்றை ஃபைலோடு தனியாக மல்லாடி, ஒரு வழியாக வசப்படுத்தி, வெப்சைட்டை ஒரு வாடகை சர்வரில் ஏற்றினாள்.

டிரைவர்கள் எதிர்பார்த்தபடியே திட்டினார்கள். வெற்று ஃபைலை அனுப்பினார்கள். மீசை என்ற கண்டக்டர் தன் புகார் முழுவதையும் தலைப்பாகவே அடித்துவிட, ஒவ்வோர் எழுத்தும் விரல் தடிமனுக்கு வந்தது. அவள் அதைத் திருத்தவில்லை. "கத்தித்தான் சொல்லியிருக்கான், இருக்கட்டும்." ஃபோல்டரின் நகல் எல்லோருடைய பென் டிரைவிலும் ஏறியது; தங்கையிடமும் ஒன்று கொடுத்துவைத்தாள்.

பயணிகள் படிக்க ஆரம்பித்தார்கள். நிறுத்தத்தில் வண்டி எண்ணைப் போனில் சரிபார்த்துவிட்டு ஏறாமல் நின்றவர்களும் உண்டு. அவள் கம்பூன்றி டிப்போவில் உட்கார்ந்து செய்யும் வேலைக்குத் திரும்பிய வாரத்தில் டிப்போ மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார்.

"கால் எப்படிம்மா இருக்கு? அந்த வெப்சைட்டை எடுத்துடுங்க. உங்க விசாரணை அறிக்கையை நான் திரும்பப் பார்க்கச் சொல்றேன். கவனக்குறைவுங்கற வார்த்தை போயிடும்."

அவளைத் தூங்கவிடாமல் அரித்துக்கொண்டிருந்த வார்த்தை அது. ஒரு தலையசைப்பில் அது தொலைந்துவிடும்.

"அது பொய்னு உங்களுக்கே தெரியுதுல்ல சார்? அப்ப சும்மாவே எடுங்க. அதுக்கு இந்த வெப்சைட் விலையாகக் கூடாது."

"சர்வர்காரங்களுக்கு எழுதியாச்சு. மத்தியானத்துக்குள்ள உங்க பக்கம் இருக்காது. நல்லதுக்குச் சொன்னேன்."

சொன்னபடி மத்தியானம் பக்கம் போனது. ஓய்வறையில் போனைப் பார்த்துவிட்டு எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"என் மூஞ்சியை என்ன பாக்கறீங்க? பென் டிரைவை எடுங்க" என்றாள்.

மீசை ஓரிடத்தில் ஏற்றினான். ஒர்க்ஷாப் எலக்ட்ரீஷியன் தன் மகள் சொல்லச் சொல்ல இன்னோரிடத்தில் ஏற்றினார். சாயங்காலத்துக்குள் நான்கு முகவரிகளில் அதே வெப்சைட். அவள் ஏற்றியதையும் சேர்த்து மூன்றுக்கு அவளுக்குக் கணக்குத் தெரிந்தது. நான்காவது மாப்பிள்ளையின் தொழில் முகவரி.

உடனே போன் போட்டாள். "உங்க பிழைப்புல மண்ணு விழும் மாப்பிள்ளை, எடுங்க முதல்ல!"

"என் அட்ரஸ்ல எதை வைக்கணும்னு நான்தான் முடிவு பண்ணுவேன் அண்ணி. உங்ககிட்டக் கத்துக்கிட்டதுதான்." வைத்துவிட்டான். போனைப் பிடித்தபடி அவள் சிரித்தாள், கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

மேனேஜர் அந்த நான்கில் முதல் முகவரியின் சர்வர்காரர்களுக்குக் கடிதம் எழுதி அதை மூட வைத்தபோது வேறு இரண்டு முளைத்திருந்தன. பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். புகாருள்ள வண்டிகள் சத்தமில்லாமல் ஒர்க்ஷாப்புக்குள் போய், புது பிரேக்கோடு வெளியே வந்தன. அறிக்கையில் அந்த வார்த்தை இன்றும் அப்படியேதான் இருக்கிறது. கால் சரியானதும் அவளுக்கு ஊரிலேயே மோசமான ரூட்டைக் கொடுத்தார்கள். ஓட்டுகிறாள்.

போன மாதம் வேறொரு டிப்போவிலிருந்து இரண்டு பெண் டிரைவர்கள் அவள் வீட்டுக்கு வந்தார்கள். சோபாவின் நுனியில் உட்கார்ந்து, எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எங்களுக்கும் ஒண்ணு வேணும்க்கா. ஆனா பயமா இருக்கு" என்றாள் இளையவள்.

"எனக்கும் பயம்தான்" என்று லேப்டாப்பைத் திறந்தாள் பிரேக்கக்கா. "நல்லாச் சாஞ்சு உட்காருங்க. முதல் ஃபைல்ல என்ன எழுதப் போறீங்க, சொல்லுங்க."