பதினோரு பேரும் ஒரு பித்தளை அண்டாவும்

வேங்கிக்கால் பக்கமிருந்து ஸ்கூட்டியில் வந்த பெண்ணின் கையில் நாலு பக்கப் படிவத்தைப் பார்த்ததுமே காசிக்கு எரிச்சல் வந்தது. காகிதத்தோடு வருகிற எவனும் கொடுக்க வந்து அவர் பார்த்ததில்லை.

பௌர்ணமிக்குப் பௌர்ணமி கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்து, செங்கம் ரோட்டோரம் கொட்டகை போட்டு, மலை சுற்றுகிறவர்களுக்குச் சோறு போடும் குழுவுக்கு அவர்தான் தலைவர். ஏழு வருடமாக ஒரு குறையும் இல்லை. போன பௌர்ணமியன்று மட்டும் புளிசாதம் தின்ற பதினோரு பேர் வாந்தியெடுத்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். எல்லாரும் தேறி வீடு போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஆனால் புளிக்காய்ச்சல் கிண்டியது காசியின் மனைவி வெள்ளையம்மாள். அன்றிலிருந்து அவள் அடுப்பைத் தொடவில்லை. கேட்டால், "என் கை விஷமாப் போச்சு" என்பாள். அவ்வளவுதான் பேச்சு.

"பேரு அன்புச்செல்வி. ஹெல்த் இன்ஸ்பெக்டருங்க ஐயா. நாளைக்குச் சோறு போடறதுக்கு முன்னாடி எங்கெங்க ஆபத்து இருக்குதுன்னு பாத்து எழுதணும்."

"போடாதன்னு எழுதப் போற. அதுக்கு எதுக்கு நாலு பக்கம்?"

"கேஸ் அடுப்பு மேலயே ஓலை தொங்குது. முதல்ல அதை எழுதிக்கறேன்."

காசி அண்ணாந்து பார்த்தார். தொங்கத்தான் செய்தது. அரிவாளை எடுத்து அறுத்துப் போட்டார்.

"அன்னிக்குப் புளிசாதம் யாரு செஞ்சது?"

"நான்" என்றார் காசி.

மூலையில் தையல் இலை துடைத்துக்கொண்டிருந்த வெள்ளையம்மாள் தலை நிமிர்ந்தாள். "அந்தாளுக்கு வெந்நி வைக்கத் தெரியாதும்மா. நான்தான் கிண்டினேன். எழுதிக்கோ."

அன்புச்செல்வி எழுதவில்லை. "புளிக்காய்ச்சல் எல்லாம் ஒரே ஜாடிதானா?"

"ஒரே ஜாடிதான்."

"காலையில சாப்பிட்டவங்களுக்கு?"

"ஒண்ணும் ஆவல. அது கூடையில கிளறினது. மிச்சத்தை அண்டாவுல கொட்டி மூடி வச்சிருந்தோம். கடைசிப் பந்திக்கு அதைத்தான் போட்டோம். அவங்கதான் பதினோரு பேரும்."

அன்புச்செல்வி டார்ச்சை எடுத்து அண்டாவுக்குள் அடித்தாள். மேலே வெள்ளையாக இருந்த ஈயப்பூச்சு அடியில் சுத்தமாகத் தேய்ந்து, பித்தளை மஞ்சளாகத் தெரிந்தது. ஒட்டுப்போட்ட இடமெல்லாம் பச்சைக் களிம்பு.

"இதாங்க. ஈயம் போன பித்தளையில புளி நாலஞ்சு மணி நேரம் இருந்தா களிம்பு சோத்துல இறங்கி விஷமாயிடும். அம்மா செஞ்ச புளிக்காய்ச்சல்ல தப்பே இல்ல. இருந்திருந்தா காலையிலயே தெரிஞ்சிருக்கும். ஏங்க, ஒருத்தராவது வாயில வச்சுப் பாக்கலியா? கசந்திருக்குமே."

"கடைசிப் பந்தி எழுந்திருக்கற வரைக்கும் எங்க ஆளுங்க பச்சைத்தண்ணிதான். அது வேண்டுதல்" என்றார் காசி.

"ஒருத்தர் மட்டும் விரதத்தை விடுங்க. ஒவ்வொரு பாத்திரமும் திறக்கும்போது ருசி பாத்துட்டுப் போடட்டும்."

காசி அதைக் காதில் வாங்கிக்கொண்ட மாதிரி தெரியவில்லை. பங்குனியில் ஈயம் பூசுகிற சுப்பிரமணி வீடு தேடி வந்தது அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. காரீயம் கலந்து ஏமாற்றுகிறவன் என்று தெருவே கேட்கத் திட்டி விரட்டியது அவர்தான். சொல்லாமல் விட்டால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. மூலையில் இருந்தவளைப் பார்த்தார்.

"வெள்ளை, நான்தான்டி பூச விடல. சுப்பிரமணி வந்தான். தொரத்திட்டேன்."

வெள்ளையம்மாள் இலையைக் கீழே வைத்தாள். எழுந்து வந்து அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு ஆரம்பித்தாள். "உன் சந்தேகத்துல இடி விழ. பால்காரன் தண்ணி ஊத்தறான், தராசுக்காரன் ஏமாத்தறான், கண்டக்டர் சில்லறை அமுக்கறான்னு ஊரையே திருடனாக்குனியே. ஒரு மாசமா நான் கொலைகாரி மாதிரி உக்காந்துட்டு இருந்தேனே, பாத்துக்கிட்டுதானே இருந்த..."

நிற்காமல் கொட்டினாள். அன்புச்செல்வி திரும்பிக்கொண்டு சிரிப்பை அடக்கினாள். ஒரு மாதம் கழித்து அந்தக் குரல் பழையபடி ஏறியதே காசிக்குப் போதும் என்றிருந்தது. நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த அம்மிக்கல்லை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

"நாளையிலேர்ந்து ருசி பாக்கறது நான்" என்றார். "என் விரதம் போனாப் போவுது."

"பின்ன? நீதான் பாக்கணும்" என்ற வெள்ளையம்மாள் அன்புச்செல்வி பக்கம் திரும்பினாள். "ஏம்மா, எவர்சில்வர் அண்டான்னா புளி ஆவுமா?"

"தாராளமா ஆவும்மா."

வெள்ளையம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு புளி மூட்டை இருந்த பக்கம் போனாள்.