வரிசையில் முளைக்காத பைன்

குச்சியைக் காப்பாற்று, செடியை வெட்டு. இப்படி ஓர் ஆணையை யாரும் எழுதிக் கையெழுத்துப் போடவில்லை. ஆனாலும் ஜூலை மாதத்து ஒரு காலையில், எங்கள் சரிவின் கீழ்ப்பாதியில் நடந்தது அதுதான்.

நான் அந்தச் சரிவுக்குக் காவல்காரி. வனப்பண்ணை கொடுத்த சிவப்புக் கைப்பட்டையைக் கட்டிக்கொண்டு, மாடு மேய்ப்பவர்களையும் காளான் பறிப்பவர்களையும் வருடக்கணக்காக விரட்டி வருகிறேன். ஒரு காலத்தில் அங்கே பைன் காடு இருந்தது. வெட்டி ரயிலேற்றிவிட்டார்கள். வெட்டிய இடத்தில் வெள்ளைப் பட்டை பிர்ச் மரம் தானாக வந்தது, பைன் வரவில்லை. எங்கள் பைன் விதைக்கு இறக்கை கிடையாது. கனமானது, காற்றில் போகாது. காய் பழுத்து விழுந்தாலும் பிளக்காது. யாராவது எடுத்துக்கொண்டு வந்து மண்ணுக்குள் வைத்தால்தான் உண்டு.

நான்கு வருடங்களுக்கு முன் பண்ணை ஆட்கள் வந்தார்கள். கயிறு பிடித்து நேர்வரிசையாக நாற்று நட்டு, ஒவ்வொரு நாற்றுக்கும் பக்கத்தில் சிவப்புத் துணி கட்டிய ஒரு குச்சியை ஊன்றினார்கள். படம் எடுத்துக்கொண்டு போனார்கள். முதல் குளிரிலேயே உறைந்த மண் பிதுங்கி நாற்றுகளை வேரோடு வெளியே தள்ளியது. தப்பியதை முயல் கடித்தது. குச்சிகளுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

ஓடைக்கு அந்தப் பக்கம், வெட்டாமல் தப்பிய பழைய பைன் தோப்பு ஒன்று இருக்கிறது. இலையுதிர் காலத்தில் அணில்கள் அங்கே காயை உரித்து, வாய் நிறைய விதையோடு ஓடையின் குறுக்கே சாய்ந்த மரத்தில் ஓடி வரும். பிர்ச்சுகளுக்கு அடியில் இங்கே இரண்டு, அங்கே நாலு என்று புதைத்து, மேலே இலையை இழுத்துவிட்டுப் போகும். குளிர் முழுக்கத் தோண்டித் தின்னும். தின்று தீராததும் மறந்துபோனதும், பருந்துக்கு இரையான அணில் விட்டுப்போனதும் மண்ணிலேயே கிடந்து முளைக்கும். ஒரே குழியில் மூன்று நான்கு கன்றுகள், ஒன்றையொன்று இடித்துக்கொண்டு. மூத்தவை என் முழங்காலைத் தொட்டுவிட்டன. நான் காவல் காத்தது இவற்றுக்குத்தான்.

அக்டோபரில் ஆய்வு. சரிவில் பைன் இல்லை என்று முடிவானால் காவலை எடுத்துவிடுவார்கள். பிர்ச்சை மொத்தமாக வழித்துவிட்டு, வேகமாக வளரும் லார்ச் மரத்தை நடுவார்கள்.

ஆய்வுக்கு முன்னால் சரிவில் புதர் வெட்டிச் சுத்தம் செய்யத்தான், பண்ணையின் வேலையாட்களுக்கும் காவலுக்கும் மேஸ்திரியான கோங்கின் ஆட்கள் வந்திருந்தார்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை. இயந்திரச் சத்தம் கேட்டு ஓடியபோது கீழ்ப்பாதி முடிந்திருந்தது. வெட்டுண்ட ஊசியிலைகளின் பிசின் மணம் மூக்கில் ஏறியது.

“கோங் அண்ணே, மெஷின நிறுத்தச் சொல்லுங்க. பைன வெட்டிட்டிருக்காங்க.”

“பைனையா? குச்சிகிட்ட ஒருத்தனும் போகல தங்கச்சி. சுத்தி ஒரு கை அகலம் விட்டுத்தான் வெட்டறாங்க.”

“குச்சிகிட்ட என்ன இருக்குன்னு குனிஞ்சு பாத்தீங்களா?”

குனிந்தார். காய்ந்த சுள்ளி ஒன்று கிடந்தது.

“செத்துப்போச்சு. அதுக்கு நான் என்ன பண்ணுவேன்? நட்டவனப் போய்க் கேளு.”

வெட்டுப்பட்ட ஒரு கன்றுக் கொத்தை எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். “இது சாகல. நீங்க வர்ற வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு.”

“இது வரிசையில இல்லியே.”

“அணில் வச்சது எப்படி வரிசையில இருக்கும்?”

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். “அப்ப அணிலுக்கும் ஒரு கைப்பட்டை குடுத்து வேலைல சேத்துக்கங்க அண்ணே” என்றான் ஒருவன்.

கோங் சிரிக்கவில்லை. இந்த வருடம் பழைய தோப்பின் காயைக் குத்தகைக்கு எடுத்திருப்பவரே அவர்தான். “அந்தத் திருட்டு ஜென்மங்களப் பத்தி எங்கிட்டப் பேசாத. நல்ல காயாப் பாத்து முன்னாடியே கடிச்சுத் தள்ளுதுங்க. கண்ணி வச்சும் அடங்கல.”

திருட்டு. காலில் முள் இரும்பு மாட்டி மரமேறி, உச்சியில் ஒரு காய் விடாமல் தட்டி, மூட்டை மூட்டையாக வண்டியில் ஏற்றுவது தொழில். அதில் ஒரு வாய் எடுத்து மண்ணில் வைப்பது திருட்டு. காடு வேண்டும் என்று ஊரெங்கும் பலகை வைத்திருக்கிறார்கள். அந்தக் காட்டைக் கூலி கேட்காமல் நட்டுக்கொண்டிருக்கும் அணிலைக் கண்ணி வைத்துப் பிடிக்கிறார்கள். அது நட்டதை மெஷின் வைத்து அறுக்கிறார்கள். செத்த நாற்றின் குச்சிக்கு மரியாதை செய்கிறார்கள்.

“ஆய்வுக்காரங்க வந்து எதை எண்ணுவாங்க? குச்சியவா?”

“வரிசைய எண்ணுவாங்க. சாப்பிட்டுட்டு மேல்பாதி. நீ வழிய விடு.”

ஆட்கள் பிர்ச் நிழலில் உட்கார்ந்து ஆவி ரொட்டியைப் பிய்த்தார்கள். வெங்காயத்தாளை சோயா விழுதில் தொட்டுக் கடிக்கும் சத்தம் கேட்டது. கோங் அலைபேசிக்கு சிக்னல் தேடிக் கீழே ரோட்டுக்குப் போனார்.

நான் மேல்பாதிக்கு ஏறினேன். முதல் குச்சியைப் பிடுங்கினேன். எங்கே கன்றுகள் கொத்தாக நிற்கின்றன என்று எனக்குத் தெரியும். பத்தடி தள்ளி, புதர் மறைவில் ஒன்று. அதன் பக்கத்தில் குச்சியை ஊன்றினேன். அடுத்ததைப் பிடுங்கினேன். ஒளிந்து செய்யவில்லை. எல்லோருக்கும் தெரிகிற மாதிரிதான் செய்தேன்.

“என்னக்கா, குச்சி நடவா?” என்றாள் மெய்ஃபன். அந்தக் கூட்டத்தில் மெஷின் தூக்கும் ஒரே பெண்.

“ஆமா. செத்ததுகிட்டருந்து எடுத்து உசுரோட இருக்கறதுகிட்ட வைக்கறேன்.”

ரொட்டியை வாயில் கவ்விக்கொண்டு எழுந்து வந்தாள். புதரை விலக்கிக் கொத்தைப் பார்த்தாள். “அடப்பாவமே, கணுவுக்கு அஞ்சஞ்சு ஊசியிலை. பைனேதான். காலையில இந்த மாதிரி எவ்வளவு சீவினேன்னு தெரியலியே.” பிறகு பக்கத்து வரிசையில் குச்சிகளைப் பிடுங்க ஆரம்பித்தாள். அணிலுக்குக் கைப்பட்டை கேட்டவனும் வந்தான். அவனுக்கு விளையாட்டாக இருந்திருக்கலாம், நான் கேட்கவில்லை.

கோங் திரும்பியபோது மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. மேல்பாதி முழுக்கச் சிவப்புத் துணிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறியிருந்தன. ஆட்கள் அவற்றைச் சுற்றிச் சுற்றி, கோணல்மாணலாக வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

“நிறுத்துங்கடா. எவன் இதச் செஞ்சது? வரிசை எங்க?”

மெய்ஃபன் மெஷினை அணைத்தாள். “நீங்கதானண்ணே சொன்னீங்க, குச்சிய மட்டும் தொடாதீங்கன்னு. தொடல.”

கோங் என் பக்கம் திரும்பினார். “கைப்பட்டையக் கழட்டு.”

கழற்றிக் கொடுத்தேன். “பண்ணையில என்ன சொல்லுவீங்க?”

“காவல்காரி வரிசையக் கலைச்சுட்டான்னு சொல்லுவேன்.”

“சொல்லுங்க. கலைச்ச குச்சி ஒவ்வொண்ணுகிட்டயும் என்ன நிக்குதுன்னு அவங்கள வந்து குனிஞ்சு பாக்கச் சொல்லுங்க.”

மறுபடி கயிறு பிடிக்க அவரிடம் கயிறும் இல்லை, ஆளும் இல்லை. கடைசியில் கையை உதறினார். “வெட்டித் தொலைங்க. இப்படியே வெட்டுங்க.”

மேல்பாதி தப்பியது. கீழ்ப்பாதி போனது போனதுதான். பிர்ச்சை வெட்டினால் கட்டையிலிருந்து துளிர்க்கும். பைன் துளிர்க்காது. அங்கே மறுபடி பைன் வர வேண்டுமென்றால் மறுபடி அணில்தான் விதையோடு ஓடையைத் தாண்ட வேண்டும்.

“அண்ணே, செப்டம்பர்ல காய் தட்டும்போது ஓடைப்பக்கத்து மரங்கள விட்டுடுங்க. கண்ணியையும் எடுத்துடுங்க.”

“எதுக்கு, உன் அணிலுக்குச் சீதனமா?”

“நீங்க அறுத்தத அதுதான் திரும்பி வைக்கணும். வேற யாருக்கும் அந்த வேலை தெரியல.”

அவர் என் கைப்பட்டையைச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு இறங்கிப் போனார். விடுவேன் என்று சொல்லவில்லை. நான் கீழே போய், வெட்டுண்ட கொத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ரோட்டோரத்தில் குவிக்கத் தொடங்கினேன். ஆய்வுக்காரர்களின் வண்டி வந்து நிற்கிற இடம் அதுதான்.