எடை மேடையில் லியோனார்ட்

திருவொற்றியூர் லாரி எடை மேடையில் ரேச்சலின் பந்தயக் கார் மறுபடியும் எடை கம்மியாகக் காட்டியது. ஓட்டுபவர் இல்லாமல் கார் இவ்வளவாவது கனக்க வேண்டும் என்பது கார் பந்தயச் சங்கச் செயலாளர் லியோனார்ட் போட்ட விதி. அந்த விதியால் சீசன் முழுக்க அவள் பின்சீட்டில் மணல் மூட்டைகளோடு ஓட்டித் தோற்றுக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு மூட்டைய ஏத்திக்கம்மா. என் காரை இதே மேடைல போட்டுத்தான் அளவு வச்சேன்," என்றார் லியோனார்ட்.

அடுத்து அவர் தன் காரை மேடையில் ஏற்றினார். எடை விதிக்குச் சரியாக நின்றது. எடை போடும்போது இறங்காத துறைமுக லாரி டிரைவர்களைப் போல அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உள்ளேயே உட்கார்ந்திருந்தார். ரேச்சலுக்குச் சுர்ரென்று ஏறியது.

"அளவு வச்ச அன்னிக்கும் இப்டித்தான் குந்திகினு இருந்தியாண்ணா?"

"ஆமா. இங்க எந்த டிரைவர் எறங்குறான்?"

அவள் கார்க் கதவைத் திறந்தாள். "எறங்கு."

அவர் இறங்கியதும் எடை தொண்ணூறு கிலோ குறைந்தது.

ரேச்சல் தன் மூட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்து அவர் காலடியில் போட்டாள்.

"சீசன் பூரா உன்னத்தான் பின்சீட்ல குந்தவச்சி ஓட்டிகினு கீறேன். இனிமே நீ நடந்து வா."